இரண்டாவது லென்ஸ் எங்கே சார்?

கேமரா கடைகளில் ஒரு வசனம் உண்டு. எந்த ஊர், எந்தக் கம்பெனி போர்டு என்பதெல்லாம் முக்கியமில்லை, வசனம் மாறாது. "இப்போதைக்கு கிட் லென்ஸோட எடுத்துக்குங்க சார். அப்புறமா வேற லென்ஸ் மாத்திக்கலாம்."

இந்த 'அப்புறமா'தான் என் பிரச்னை. மனை விற்பவர் 'பக்கத்துலயே பஸ் ஸ்டாண்ட் வரப்போகுது' என்கிறாரே, அதே ஜாதி 'அப்புறமா' இது. பஸ் ஸ்டாண்டாவது என்றைக்காவது வந்துவிடும். இரண்டாவது லென்ஸ் மட்டும் வருவதே இல்லை. வாங்கும்போது மாட்டிக் கொடுத்த அதே லென்ஸோடு கேமரா பீரோவுக்குள் போகிறது. இரண்டு வருடம் கழித்து 'அதிகம் உபயோகிக்கப்படாதது, பெட்டியுடன்' என்று விற்பனைக்கு வருகிறது. செகண்ட்ஹேண்ட் கேமரா விளம்பரங்களைப் படித்துப் பாருங்கள். 'அதிகம் உபயோகிக்கப்படாதது' என்பதைப் பெருமையாகப் போடுகிறார்கள். எனக்கு அது இரங்கல் செய்தி மாதிரி படுகிறது.

யாரைப் பற்றிப் பேசுகிறேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கல்யாண போட்டோகிராபரைப் பற்றி அல்ல. வேடந்தாங்கலில் விடிகாலை ஐந்து மணிக்குக் குத்தவைத்துப் பறவை பார்ப்பவரைப் பற்றியும் அல்ல. 'செல்போன் படம் அலுத்துப்போச்சு, வீட்டுக்கு உருப்படியா ஒரு கேமரா வேணும், பசங்க வளர்றாங்க, அப்பா அம்மாவுக்கு வயசாகுது, வருஷத்துக்கு ரெண்டு ஊர் போறோம்' என்று ஒரு மாதச் சம்பளத்தை எடுத்து வைத்திருக்கிற சாதாரண மனிதரைப் பற்றி. அவர் முன்னால் இரண்டு வழிகள். ஒன்று, லென்ஸ் கழற்றி மாட்டக்கூடிய மிரர்லெஸ் கேமரா. இன்னொன்று, பெரிய சென்சார் வைத்து, லென்ஸை நிரந்தரமாகப் பொருத்திய காம்பேக்ட் கேமரா.

பத்துப் பேரைக் கேட்டால் ஒன்பது பேர் மிரர்லெஸ் என்பார்கள். நான் அந்தப் பத்தாவது ஆள். அந்த ஒன்பது பேர் சொல்வது இந்த மனிதர் விஷயத்தில் தப்பு என்று சொல்ல வந்திருக்கிறேன்.

*

முதலில் பெயரிலேயே இருக்கிற குழப்பம். மிரர்லெஸ் என்றால் உள்ளே கண்ணாடி இல்லாதது. பழைய எஸ்.எல்.ஆர். கேமராக்களில் லென்ஸுக்குப் பின்னால் சாய்வாக ஒரு கண்ணாடி நிற்கும். லென்ஸ் வழியாக வரும் காட்சியை மேலே திருப்பி நம் கண்ணுக்குக் காட்டும். பட்டனை அழுத்தினால் 'டபக்'கென்று மேலே தூக்கிக்கொள்ளும். 2008-ல் பானசோனிக் ஜி1 என்ற கேமரா அந்தக் கண்ணாடியைத் தூக்கிப் போட்டது. சென்சார் பார்ப்பதை நேராகச் சின்னத் திரையில் காட்டினால் போதுமே, நடுவில் கண்ணாடி எதற்கு? நியாயமான கேள்வி. அதன்பின் சோனி, ஃபுஜி, கேனன், நிக்கான் எல்லோரும் அந்த வழிக்கே வந்து சேர்ந்தார்கள்.

ஆனால் காம்பேக்ட் கேமராவுக்குள்ளும் கண்ணாடி கிடையாது. உங்கள் செல்போனுக்குள்ளும் கிடையாது. ஆக, மிரர்லெஸ்ஸா காம்பேக்ட்டா என்கிற சண்டையில் மிரருக்கு வேலையே இல்லை. வித்தியாசம் ஒன்றே ஒன்றுதான். லென்ஸ் கழலுமா, கழலாதா?

இப்படிக் கேட்டுப் பார்த்தால் விஷயம் சட்டென்று தெளிந்துவிடும். கழற்றப் போகிறவருக்குக் கழலும் கேமரா. கழற்றவே போகாதவருக்கு அது எதற்கு? ஹோட்டலில் அளவுச் சாப்பாடு சாப்பிடப் போகிறவரிடம் ஐம்பது ஐட்டம் உள்ள மெனு கார்டைக் கொடுத்து, அந்த கார்டுக்கும் சேர்த்து பில் போடுவது மாதிரிதான்.

*

'அதெல்லாம் சரி சார், மிரர்லெஸ்ல சென்சார் பெருசு. படம் நல்லா வரும்ல?'

வரும். வரவேண்டும். ஆனால் கடையில் இதில் பாதியை மட்டும் சொல்லிவிட்டு மீதியை முழுங்கிவிடுகிறார்கள்.

சென்சார் என்பது மழைத் தண்ணீர் பிடிக்க முற்றத்தில் வைக்கிற அண்டா. லென்ஸ், அதில் தண்ணீர் கொண்டுவந்து விடுகிற குழாய். அண்டா எவ்வளவு பெரிதாக இருந்தாலும் குழாய் ஒல்லியாக இருந்தால் விழுகிற தண்ணீர் அவ்வளவுதான். சின்ன அண்டாவுக்கு அதே அளவு குழாய் வைத்தால் அதே தண்ணீர் அதிலும் சேரும்.

அண்டாக்களின் அளவைப் பார்ப்போம். ஏபிஎஸ்-சி எனப்படும் சென்சார் (பெரும்பாலான நடுத்தர விலை மிரர்லெஸ்களில் இருப்பது) சுமார் 23.5 மி.மீ.க்கு 15.6 மி.மீ. காம்பேக்ட்களில் பிரபலமான 'ஒரு இன்ச்' சென்சார் 13.2 மி.மீ.க்கு 8.8 மி.மீ. ஒரு இன்ச் என்று பெயர் வைத்திருக்கிறார்களே, எந்தப் பக்கம் அளந்தாலும் ஒரு இன்ச் வராது. மூலைக்கு மூலை அளந்தாலும் 16 மி.மீ.தான். அந்தக் காலத்து டிவி கேமராக்களில் இருந்த கண்ணாடிக் குழாயின் வெளி விட்டத்தை வைத்துச் சொன்ன பெயர், குழாய் போன பிறகும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இந்தத் தொழிலில் வார்த்தைகளை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதற்கு இது ஒரு சாம்பிள்.

பரப்பளவில் ஏபிஎஸ்-சி மூன்று மடங்குக்கு மேல் பெரிசு. கடைக்காரர் இதைச் சரியாகச் சொல்லிவிடுவார். இனி குழாய்க்கு வருவோம். லென்ஸின் குவிய தூரத்தை அதன் எஃப் எண்ணால் வகுத்தால் வெளிச்சம் நுழையும் துளையின் அகலம் கிடைக்கும். பி.காம். படித்தவன் போடக்கூடிய வகுத்தல்தான்.

மிரர்லெஸ்ஸோடு கட்டிக் கொடுக்கிற கிட் லென்ஸ் வழக்கமாக 16-லிருந்து 50 மி.மீ., எஃப் 3.5-லிருந்து 5.6. அகலக் கோணத்தில் 16-ஐ 3.5-ஆல் வகுத்தால் துளை 4.6 மி.மீ. முழு ஜூமில் 50-ஐ 5.6-ஆல் வகுத்தால் 8.9 மி.மீ.

2014-ல் வந்த சோனி ஆர்.எக்ஸ்.100 மார்க் 3, சட்டைப் பையில் போகிற ஒரு இன்ச் காம்பேக்ட். அதன் லென்ஸ் 8.8-லிருந்து 25.7 மி.மீ., எஃப் 1.8-லிருந்து 2.8. வகுத்துப் பாருங்கள். அகலக் கோணத்தில் 4.9 மி.மீ. முழு ஜூமில் 9.2 மி.மீ.

ஏறக்குறைய ஒரே காட்சிப் பரப்பை இரண்டும் பார்க்கின்றன. துளையில் காம்பேக்ட் ஒரு மயிரிழை பெரிசு! அதாவது, மூன்று மடங்கு பெரிய சென்சாருக்கு நீங்கள் கொடுத்த காசின் பெரும்பகுதியை அந்தக் கிட் லென்ஸ் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டு உள்ளே விடமாட்டேன் என்கிறது.

இதுவே ஃபுஜியின் எக்ஸ்100 வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் லென்ஸ் கழலாத காம்பேக்ட். ஆனால் சென்சார் ஏபிஎஸ்-சி. லென்ஸ் 23 மி.மீ., எஃப் 2. துளை 11.5 மி.மீ. கிட் லென்ஸை அதே 23 மி.மீ.யில் வைத்தால், தாராளமாக எஃப் 4 என்றே கணக்குப் போட்டாலும் 5.75. சரியாகப் பாதி. பரப்பளவில் கால். சாயங்காலம் ஆறரை மணிக்கு டியூப்லைட் வெளிச்சத்தில் குழந்தை ஓடும்போது இந்தக் கால் எவ்வளவு என்பது தெரியும். முகம் முகமாக வருமா, இழுவலாக வருமா என்பது அதில் இருக்கிறது.

மிரர்லெஸ் ஜெயிக்காதா? தாராளமாக ஜெயிக்கும். அதில் 35 மி.மீ., எஃப் 1.8 லென்ஸ் ஒன்றை மாட்டுங்கள். துளை 19 மி.மீ. முன்னால் சொன்ன எல்லோரும் அவுட். ஆனால் அது இரண்டாவது லென்ஸ். தனி பில்.

என் கட்சி அவ்வளவுதான். மிரர்லெஸ்ஸின் அருமையெல்லாம் இரண்டாவது லென்ஸில் இருக்கிறது. முதல் லென்ஸோடு நிற்கிறவர் அந்த அருமைக்குப் பணம் கட்டிவிட்டு, வெறும் பெட்டியை வீட்டுக்கு எடுத்து வருகிறார்.

*

'வாங்கிப்போம் சார். இன்னைக்கு இல்லேன்னா அடுத்த வருஷம்.'

உலகம் வாங்குகிறதா என்று பார்ப்போம். ஜப்பானில் 'ஸிப்பா' என்று கேமரா தயாரிப்பாளர் சங்கம் ஒன்று இருக்கிறது. மாதாமாதம் கணக்கு வெளியிடுகிறார்கள். 2023-ல் லென்ஸ் மாற்றக்கூடிய கேமராக்கள் சுமார் 60 லட்சம் அனுப்பப்பட்டன. லென்ஸ்கள் ஒரு கோடிக்குக் கொஞ்சம் கீழே. ஒரு பாடிக்கு ஒன்றரைக்குச் சற்று மேல். நாலு லென்ஸ், ஐந்து லென்ஸ் என்று வாங்கிக் குவிக்கிற தொழில்முறை ஆட்களும் இந்தக் கணக்கில்தான் இருக்கிறார்கள். ஐந்து பேரில் ஒருவர் நாலு லென்ஸ் வாங்கி, மற்ற நாலு பேரும் ஒன்றோடு நின்றுவிட்டால் சராசரி 1.6 வரும். கிட்டத்தட்ட அதேதான் வந்திருக்கிறது. அந்த நாலு பேரில் ஒருவர் நம்ம ஆள்.

பங்குச் சந்தை தெரிந்தவர்களுக்கு ஆப்ஷன் என்றால் என்னவென்று தெரியும். பின்னால் ஒரு பொருளை வாங்கும் உரிமைக்கு இன்றைக்கே ஒரு பிரீமியம் கட்டுவது. உரிமையை உபயோகிக்காவிட்டால் பிரீமியம் கோவிந்தா. கழலும் லென்ஸும் ஆப்ஷன்தான். மவுண்ட்டுக்கு, மவுண்ட்டைத் தூக்கிப் போக வேண்டிய பைக்கு, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மூக்குக்கு என்று பிரீமியம் கட்டியாகிவிட்டது. உரிமையை மட்டும் உபயோகிக்கவில்லை.

அடுத்து ஒரு சால்ஜாப்பு வரும். 'பாடி மாறும் சார், லென்ஸ் நிக்கும். லென்ஸ் ஒரு முதலீடு.' முதலீடு என்ற வார்த்தையை இவ்வளவு சல்லிசாக உபயோகித்தால் காமர்ஸ் வாத்தியார்கள் அழுதுவிடுவார்கள். நிக்கான் 1 என்ற மிரர்லெஸ் வரிசை 2011-ல் வந்தது, 2018-ல் ஊற்றி மூடினார்கள். சாம்சங் 2010-ல் என்.எக்ஸ். வரிசையைத் தொடங்கி, 2014-ல் என்.எக்ஸ்.1 என்று பிரமாதமான ஒரு கேமரா விட்டு, அடுத்த சில வருடங்களில் கேமரா தொழிலையே விட்டுவிட்டுப் போனது. கேனன் 2012-ல் ஆரம்பித்த இ.ஓ.எஸ். எம் வரிசைக்கு 2023 வாக்கில் காரியம் முடிந்தது. அதற்குப் பதில் வந்த ஆர் வரிசை கேமராக்களில் எம் லென்ஸ் உட்காராது. 'முதலீடு' செய்தவர்களெல்லாம் என்ன ஆனார்கள்? கையில் இருக்கிற பாடி சாகும்வரை அந்த லென்ஸ்களுக்கு உயிர். அப்புறம் பேப்பர் வெயிட்.

கம்பெனிகளைக் குறை சொல்லவில்லை, அவர்களுக்குத் தொழில். ஆனால் மவுண்ட் என்பது கம்பெனிக்கும் நமக்கும் நடுவில் போட்ட முடிச்சு. பிரிண்டரை மலிவாகக் கொடுத்து இங்க்கில் பிடிக்கிற வித்தை தெரியாதவரா நாம்? கழலாத லென்ஸ் என்றால் ஒருமுறை விற்றதோடு சரி. கழலும் லென்ஸ் என்றால் வாடிக்கையாளர் திரும்பத் திரும்ப வரவேண்டும். வீடியோ போட்டு விமர்சனம் செய்கிறவர்களுக்கும் அதுதான் வசதி. ஒரு காம்பேக்ட்டைப் பற்றி ஒரு வீடியோ போடலாம். ஒரு மவுண்ட்டைப் பற்றி நாற்பது போடலாம். கீழே இருக்கிற லிங்க்கை அழுத்தி நீங்கள் வாங்கினால் அவருக்குக் கமிஷன். அவர் 'ஒரே லென்ஸ் போதும், படம் எடுக்கப் போங்க' என்று சொன்னால் அடுத்த வாரம் அவர் எதைப் பற்றிப் பேசுவார்?

*

லென்ஸ் மாற்ற முடியாத கேமராவை ஏதோ இரண்டாந்தரம் போல நினைக்கிறோமே, உங்கள் வீட்டுப் பழைய ஆல்பத்தை எடுங்கள். தாத்தா நாற்காலியில், பாட்டி நின்றுகொண்டு, பின்னால் ஓட்டு வீடு. கறுப்பு வெள்ளை. அது ஆக்ஃபா க்ளிக் 3-ஆக இருக்க வாய்ப்பு அதிகம். இந்தியாவிலேயே செய்து விற்ற எளிய பெட்டிக் கேமரா. லென்ஸ் கழலாது. அடுத்த சில பக்கங்களில் ஸ்டூடியோக்காரர் எடுத்த கல்யாணப் படங்கள். கழுத்தில் தொங்கவிட்டு மேலிருந்து குனிந்து பார்க்கிற இரட்டைக் கண் கேமரா, யாஷிகாவோ ரோலியோ. பெரும்பாலும் லென்ஸ் கழலாது. அப்புறம் கலர் வருகிறது. ஹாட் ஷாட், யாஷிகா, கோடக் கேபி10. எதிலும் லென்ஸ் கழலாது. மூன்று தலைமுறையின் ஞாபகம் முழுக்கக் கழலாத லென்ஸில் பதிந்திருக்கிறது. 'அடடா, ஒரு டெலி லென்ஸ் இருந்திருந்தா தாத்தா இன்னும் நல்லா இருந்திருப்பார்' என்று யாரும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

1925-ல் லைப்சிக் சந்தையில் லைக்கா கம்பெனி தன் முதல் கேமராவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கையடக்கக் கேமராவின் சரித்திரமே அதிலிருந்துதான் சூடு பிடிக்கிறது. அதன் லென்ஸ் கழலாது. கழலும் லைக்கா வர 1930 ஆயிற்று. கழலும் லைக்கா வைத்திருந்த ஹென்றி கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் வாழ்நாளில் பெரும்பாலும் ஒரே 50 மி.மீ. லென்ஸில் எடுத்தார். ஜப்பானின் தைடோ மொரியாமா பாக்கெட்டில் போகிற ரிகோ ஜி.ஆர். கேமராவோடு தெருத் தெருவாகச் சுற்றினார். நாம் அவர்கள் இல்லைதான். ஆனால் அவர்களுக்கே ஒன்று போதும் என்றால் நமக்கு எத்தனை வேண்டும்?

*

இதெல்லாம் வெறும் காசுக் கணக்கு என்றால் இவ்வளவு கோபப்பட்டு எழுதமாட்டேன். காசு போனால் சம்பாதிக்கலாம்.

மிரர்லெஸ் வாங்கியவர் வீட்டில் நடப்பது இது. முதல் மாதம் எல்லோரையும் நிற்க வைத்துப் படம். இரண்டாம் மாதம் ஊருக்குப் போகும்போது தனிப் பையில் கேமரா. 'பையப் பாத்துக்கோ, கேமரா இருக்கு' என்று பயணம் முழுக்க மனைவிக்கு டியூட்டி. நாலாம் மாதம் 'பக்கத்துல கோயிலுக்குத்தானே, எதுக்கு அவ்வளவு பெருசு?' ஆறாம் மாதம் பீரோ. நம் கடலோர ஊர்களின் ஈரக்காற்றில், இருட்டுப் பையில் கிடக்கும் லென்ஸுக்குள் பூஞ்சை வெள்ளை நூல் மாதிரி படர ஆரம்பிக்கும். இ.எம்.ஐ. மட்டும் மாதாமாதம் கரெக்டாகப் போகும்.

அந்த நாட்களில் அப்பா திண்ணையில் உட்கார்ந்து பேரனுக்குக் கதை சொல்கிறார். அம்மா பல் இல்லாத வாயோடு சிரிக்கிறார். பெண் முதல்முதலாக சைக்கிளில் இரண்டு கையையும் விட்டு ஓட்டுகிறாள். எல்லாவற்றையும் செல்போனில் எடுக்கிறோம். குடும்ப வாட்ஸ்ஆப் குரூப்பில் போடுகிறோம். அது சுருக்கித் தள்ளிய படம்தான் கடைசியில் மிஞ்சுகிறது. போன் தொலைகிறது, மாறுகிறது. ஒருநாள் அப்பா போய்விடுகிறார். பத்துக்குப் பன்னிரண்டில் ஒரு நல்ல படம் வேண்டும் என்று தேடினால் ரேஷன் கார்டு சைஸில் ஒன்று அகப்படுகிறது. அதைப் பெரிதாக்கி, மூக்குக்கண்ணாடியில் பட்ட ஃப்ளாஷை அழித்து, சட்டைக் கலரை மாற்றி, மாலை போடுகிறோம். பீரோவில் அந்த எண்பதாயிரம் ரூபாய்க் கேமரா மௌனமாக இருக்கிறது.

போன் கெட்டது என்று சொல்லவில்லை. நல்ல வெயிலில் போன் படம் போதும். பலருக்கு எப்போதுமே போதும். அவர்கள் கேமராவே வாங்க வேண்டாம், இந்தக் கட்டுரையோடு மிச்சமாகும் பணத்துக்கு எனக்கு நன்றி சொன்னால் போதும். ஆனால் வாங்குவது என்று முடிவெடுத்தால், கையோடு வருகிற கேமராவாக இருக்கவேண்டும். ரிகோ ஜி.ஆர்.3 பேட்டரியோடு 257 கிராம். சோனி ஆர்.எக்ஸ்.100 மார்க் 7, 302 கிராம். வேட்டி கட்டினால் சட்டைப் பையில், பேன்ட் போட்டால் பேன்ட் பாக்கெட்டில். எடுத்துப் போவதற்கு ஒரு முடிவே எடுக்க வேண்டியதில்லை. அதுதான் அதன் மிகப் பெரிய தொழில்நுட்பம்.

*

காம்பேக்ட் கட்சியின் கோளாறுகளையும் சொல்லாவிட்டால் நானும் கடைக்காரன் ஆகிவிடுவேன்.

எக்ஸ்100 சட்டைப் பையில் போகாது. அதன் ஆறாவது அவதாரமான எக்ஸ்100-6, 521 கிராம். சோனி ஏ6400-ஐ கிட் லென்ஸோடு நிறுத்தாலும் ஏறக்குறைய அதே எடைதான். அதற்கு ஜூம் கிடையாது. ஜி.ஆருக்கும் கிடையாது. பின்னணியில் போனால் முன்னால் நடந்துதான் போகவேண்டும். வெளியே நீண்டு உள்ளே போகிற ஜூம் காம்பேக்ட்களில் தூசி நுழைந்தால் நீங்கள் ஊதித் துடைக்க முடியாது, சர்வீஸில் பிரிக்கவேண்டும். லென்ஸ் மோட்டார் போனால் அநேகமாக கேமராவே போன மாதிரி.

இதைவிடப் பெரிய கோளாறு கம்பெனிகள் செய்வது. 2010-ல் இந்த ஸிப்பா கணக்கில் மொத்தக் கேமராக்கள் 12 கோடிக்கு மேல். 2023-ல் 77 லட்சம். போன் அடித்த அடி. அதிலும் லென்ஸ் கழலாத கேமராக்கள் பத்துக் கோடிக்கு மேல் இருந்தவை, 17 லட்சமாகச் சுருங்கின. கம்பெனிகள் பயந்து நடுத்தர விலையைக் கைவிட்டன. நிக்கான் 2016-ல் டி.எல். என்று மூன்று ஒரு இன்ச் காம்பேக்ட்களை அறிவித்து, அடுத்த வருடமே விற்காமலே ரத்து செய்தது. ஆர்.எக்ஸ்.100 வரிசையில் 2012-லிருந்து 2019-க்குள் ஏழு கேமரா விட்ட சோனி, அதன் பிறகு வருடக்கணக்காக எட்டாவதைக் கண்ணில் காட்டவில்லை. மாறாக 2025-ல் ஆர்.எக்ஸ்.1ஆர் மார்க் 3 என்று ஐயாயிரம் டாலருக்கு மேல் விலை வைத்து ஒன்றை இறக்கியது. பெரிய சென்சார் காம்பேக்ட் என்றால் பணக்காரர் கழுத்து நகை என்று ஆக்கப் பார்க்கிறார்கள்.

இதற்கு நடுவில் பிள்ளைகளின் வீடியோ மோகம். 2022 வாக்கில் எக்ஸ்100-5 திடீரென்று பிரபலமாகி, பழைய கேமரா புதிய கேமராவைவிட அதிக விலைக்குப் போயிற்று. 2024 பிப்ரவரியில் 1,599 டாலருக்கு எக்ஸ்100-6 வந்தபோது மாதக்கணக்கில் காத்திருப்பு. அந்தச் சமயத்தில் 'ஸ்டாக் இல்ல சார், மேல கொஞ்சம் போட்டுக் குடுத்தா ஏற்பாடு பண்ணலாம்' என்று எவராவது சொன்னால் வெளியே வந்துவிடுங்கள். பெட்டியில் அச்சடித்த எம்.ஆர்.பி.க்கு மேல் வாங்குவது இந்த நாட்டில் சட்டவிரோதம். கேமரா ஃபேஷன் ஆகிவிட்டால் அதை ஃபேஷன்காரர்களிடம் விட்டுவிடலாம். நமக்குப் படம்தான் வேண்டும்.

பழசு வாங்கலாம். மார்க் 3 மாதிரி ஆர்.எக்ஸ்.100-கள், 2014-ன் பானசோனிக் எல்.எக்ஸ்.100 எல்லாம் இன்றும் நல்ல படம் தரும். வாங்குவதற்கு முன் லென்ஸைப் பத்துத் தடவை வெளியே நீட்டி உள்ளே இழுத்துப் பாருங்கள், சத்தம் கேட்டால் வேண்டாம். எஃப் 11 வைத்து வெறும் வானத்தை ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரே இடத்தில் மங்கலாகக் கறுப்புப் புள்ளி தெரிந்தால் உள்ளே தூசி, விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

*

மிரர்லெஸ் யாருக்கு? பெண் நாட்டியமாடுகிறாள், நீங்கள் எட்டாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்றால் உங்களுக்கு. பையன் கிரிக்கெட் ஆடுகிறான் என்றால் உங்களுக்கு. பறவை, பூச்சி, கோபுரத்து உச்சிச் சிற்பம், சம்பளத்துக்கு வீடியோ, இதெல்லாம் காம்பேக்ட்டால் ஆகாது. ஆகும் என்று எவனாவது சொன்னால் அவனும் பொய்யன்தான். இவர்களுக்கெல்லாம் என்ன லென்ஸ் வேண்டும் என்று கடைக்குப் போகும் முன்பே தெரியும். அவர்கள் கிட் லென்ஸையே வாங்கமாட்டார்கள். 'பாடி மட்டும் குடுங்க, அந்த லென்ஸ் தனியா' என்பார்கள்.

அந்த மாதிரி உங்களுக்குத் தெரியவில்லையா? அதுதான் பதில். என்ன லென்ஸ் வேண்டும் என்று தெரியாதவருக்கு லென்ஸ் மாற்றும் கேமரா தேவைப்படவில்லை என்று அர்த்தம்.

கடையில் அந்த வசனம் வரும்போது ஒன்று செய்யுங்கள். "அப்புறமா மாத்திக்கலாம்னு சொன்னீங்களே, அந்த ரெண்டாவது லென்ஸ் எது, என்ன விலை? அதையும் சேர்த்து ஒரே பில்லுல எழுதுங்க" என்று கேளுங்கள். மொத்தத்தைப் பாருங்கள். அந்தப் பணம் இன்றைக்குக் கையில் இருந்து, அந்த லென்ஸ் எதற்கு என்பதும் தெரிந்தால், சந்தோஷமாக மிரர்லெஸ் வாங்கிக்கொண்டு வாருங்கள். நான் குறுக்கே நிற்கவில்லை.

இல்லையென்றால் அந்த பில்லைக் கிழித்துப் போட்டுவிட்டு, பாக்கெட்டில் போகிற கேமரா ஒன்றைக் கேளுங்கள். மிச்சமாகிற காசில் எடுத்த படங்களை மாதத்துக்குப் பத்தாவது பிரிண்ட் போடுங்கள். அப்பா அம்மாவை இந்த ஞாயிற்றுக்கிழமையே எடுங்கள். அவர்களுக்கு 'அப்புறமா' கிடையாது.